வாசகர் கேள்விகள்: மங்கோலிய உழைப்பு பேட்ஜுகள்

கேள்வி: ஐயா, பழைய பொருள் விற்பவரிடம் சிவப்பு எனாமல் பூசிய மங்கோலிய பேட்ஜ் ஒன்று வாங்கினேன். "1921-இல் செய்தது, நூறு வயது தாண்டியது" என்று சொல்லி நல்ல விலை வாங்கிக்கொண்டார். அதில் "1921 – 1971" என்று பொறித்திருக்கிறது. அவர் சொன்னது உண்மையா? – வாசகர், ஈரோடு

பதில்: உண்மை இல்லை. உங்கள் பேட்ஜ் 1971-ஐ ஒட்டிச் செய்தது. மங்கோலியாவில் புரட்சி வென்றது 1921 ஜூலையில். அதன் பொன்விழாவுக்காக வெளியிட்ட பேட்ஜ் அது. 40-ஆம் ஆண்டு, 60-ஆம் ஆண்டு நிறைவுகளுக்கும் இப்படி வந்தன. அவற்றிலும் 1921 என்ற எண் முன்னால் நிற்கும்.

எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள். 1921-இல் மங்கோலியர்கள் எழுதியது மேலிருந்து கீழாக இறங்கும் தங்கள் பழைய எழுத்தில். ரஷ்ய மொழியை எழுதும் சிரிலிக் எழுத்துக்கு மாறுவதென்று 1941-இல் முடிவெடுத்தார்கள். 1946 முதல் அதுவே அரசு எழுத்தானது. கொடி போல இறங்கும் எழுத்து ஒரு சோஷலிச காலப் பதக்கத்தில் இருந்தால், அது பெரும்பாலும் 1940-களின் நடுப்பகுதிக்கு முந்தையது. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் எனக்கு இரவு தூக்கம் வராது. உங்களுடையதில் இருப்பது சிரிலிக். விற்றவர் அந்த எண்ணை மட்டும் படித்திருக்கிறார்.

கேள்வி: எனக்கு ரஷ்ய மொழியும் தெரியாது, மங்கோலிய மொழியும் தெரியாது. ஒரு டப்பா நிறைய சோவியத், பல்கேரிய, மங்கோலிய பேட்ஜுகள் கலந்து கிடக்கின்றன. எப்படிப் பிரிப்பது? – வாசகி, திருச்சி

பதில்: மொழி தெரிய வேண்டாம், ஒரே ஓர் எழுத்தைத் தேடுங்கள். பூஜ்யத்தின் நடுவே குறுக்காக ஒரு கோடு போட்டது போல இருக்கும். ரஷ்ய மொழியிலும் பல்கேரிய மொழியிலும் அந்த எழுத்து கிடையாது. உழைப்பு என்பதற்கான மங்கோலியச் சொல் "ஹொதொல்மொர்". எட்டு எழுத்துகளில் இந்த எழுத்து மட்டும் மூன்று முறை வரும். அந்தச் சொல்லின் தோற்றம் ஒருமுறை கண்ணில் பதிந்துவிட்டால், டப்பாவைக் கவிழ்த்ததும் உழைப்பு பேட்ஜுகள் தாமாகவே எழுந்து வரும். ஆனால் கசாக், புரியாத், துவா மொழிகளிலும் அந்த எழுத்து உண்டு என்பதால் அதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். கூடவே ஐந்தெழுத்துச் சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் எழுத்து, ஆங்கில "பி"யின் மேல் வளைவு திறந்துகொண்டது போல இருக்கும். அடுத்த நான்கும் ஆங்கில எச், எம், ஏ, ஒய் போலத் தெரியும். மங்கோலிய மக்கள் குடியரசின் பெயர்ச் சுருக்கம் அது. 1924 முதல் 1992 வரை நாட்டுக்கு அந்தப் பெயர்தான்.

இன்னும் சில சொற்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். உலான் என்றால் சிவப்பு, பாத்தர் என்றால் வீரர். தலைநகரின் பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன. உழைப்பு வீரர் என்ற பட்டத்திலும் அதே பாத்தர்தான். மல்ச்சின் என்றால் கால்நடை மேய்ப்பவர். கவ்ஷ்கைச் என்றால் குறித்த அளவைத் தாண்டி வேலை செய்த முன்னணித் தொழிலாளி. அவர்க என்றால் சாம்பியன்; சிறந்த மேய்ப்பர்களுக்கான பேட்ஜில் வரும். நாதம் என்ற தேசிய விளையாட்டு விழாவில் மல்யுத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முதலிடம் வெல்பவர்களுக்குத் தரும் பட்டத்தில் வருவதும் இதே சொல்தான். ஆட்டையும் ஒட்டகத்தையும் பனியில் காப்பாற்றிய மேய்ப்பரை மல்லருக்குச் சமமாக வைத்த அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: அரசுச் சின்னம் பொறித்த இரண்டு பேட்ஜுகள் வைத்திருக்கிறேன். இரண்டிலும் குதிரைவீரன் சூரியனை நோக்கி ஓடுகிறான். ஒன்றில் அவனைச் சுற்றி மிருகங்களின் தலைகள், மற்றொன்றில் பற்சக்கரம். எது போலி? – வாசகர், தூத்துக்குடி

பதில்: இந்த வேறுபாட்டை மட்டும் வைத்து இரண்டில் எதையும் போலி என்று சொல்ல முடியாது. 1940-இல் ஏற்ற சின்னத்தில் குதிரைவீரனைச் சுற்றி செம்மறி, மாடு, ஒட்டகம், வெள்ளாடு ஆகியவற்றின் தலைகள் இருந்தன. நடுவில் ஓடும் குதிரையையும் சேர்த்தால் ஐந்து. மங்கோலியர்கள் தங்கள் செல்வமாக எண்ணுவது இந்த ஐந்து வகைக் கால்நடைகளைத்தான். 1960-இல் சின்னத்தை மாற்றியபோது மிருகத் தலைகள் போய்விட்டன. கோதுமைக் கதிரும் பற்சக்கரமும் வந்தன. உச்சியில் சிவப்பு நட்சத்திரம், அதற்குள் சொயொம்போ என்ற தேசியக் குறி.

அந்த ஆண்டுகளில் அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். மேய்ப்பர்களை "நெக்தெல்" என்ற கூட்டுப்பண்ணைகளில் சேர்க்கும் வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. 1959-இல் புல்வெளியை உழுது கோதுமை விதைக்கும் பெரிய இயக்கம் தொடங்கியது. 1961-இல் தர்கான் என்ற தொழில் நகரத்துக்கு அடித்தளம் போட்டார்கள். தர்கான் என்றால் கொல்லர். உங்கள் இரண்டு பேட்ஜுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆட்டுத் தலை இருந்த இடத்தில் பற்சக்கரம் வந்து உட்கார்ந்த கதை ஒரு விரற்கடை உலோகத்தில் தெரிகிறது. நான் வகை வேறுபாடுகளின் பின்னால் அலைவது இதற்காகத்தான். அபூர்வம், விலை எல்லாம் எனக்குப் பிறகுதான்.

போலியைக் கண்டுபிடிக்கப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். பொதுவாகப் பழையவற்றைத் திருகும் நட்டும் போட்டு உடையில் பொருத்தினார்கள்; பிந்தையவற்றில் ஊக்கு வந்தது. பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது எழுத்துகளின் ஓரம் மழுங்கி, பரப்பில் ஊசி குத்தியது போலக் குழிகள் இருந்தால், அசலை அச்சாக வைத்து வார்த்த நகலோ என்று சந்தேகப்படுங்கள். வார்த்த உலோகம் ஆறும்போது சற்றுச் சுருங்கும். அதனால் வெர்னியர் அளவியில் விட்டத்தை அளந்து எழுதிவையுங்கள். எடையை எங்கள் தெரு நகைக்கடைக்காரர் காசு வாங்காமல் பார்த்துத் தருகிறார். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். எழுத்துகளுக்கு இடையே உள்ள இடைவெளி, எனாமலின் சாயல், கொடிக்கம்பத்தின் சாய்வு ஆகியவை மாறியிருந்தால் வேறு அச்சில் அடித்ததாக இருக்கலாம். ஒரே ஒரு பேட்ஜைப் பார்த்துப் புதிய வகை என்று அறிவிக்காமல், அதே போல இன்னொன்று கண்ணில் படும்வரை காத்திருங்கள்.

கேள்வி: கறுத்துப்போயிருக்கிறது. பாலிஷ் போடலாமா? – வாசகர், வேலூர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். என் முதல் பேட்ஜைக் குத்துவிளக்கு போல நினைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளை பளபளத்தது. முலாம் போனது, விரிசலுக்குள் புளிச்சாறு இறங்கி எனாமலின் ஒரு மூலை பெயர்ந்தது. அது இன்னும் என் மேசையில் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. உலர்ந்த மென்துணியால் தூசியைத் தட்டுங்கள், போதும்.

கேள்வி: ஜூலையில் உலான்பாத்தர் போகிறேன். அங்கே வாங்கலாமா? – வாசகி, கோவை

பதில்: நரன்தூல் சந்தையிலும் நகரத்துப் பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கும். பழம்பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. ரசீதும் சான்றிதழும் தரும் கடையில் வாங்குங்கள். 11-ஆம் தேதி நாதம் தொடங்கினால் பல கடைகள் மூடிவிடும், அதற்கு முன்பே போய்விடுங்கள்.

கேள்வி: துருவ நட்சத்திர விருது ஒன்றை, கையால் எழுதிய சிறு புத்தகத்தோடு வாங்கினேன். பதக்கம் மட்டும்தான் விலை போகும், புத்தகம் வீண் என்கிறார் நண்பர். – வாசகர், மதுரை

பதில்: நண்பரிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள்! அந்த விருதின் மங்கோலியப் பெயர் "அல்தன் கதஸ்", பொன் முளை. வானத்துக் குதிரைகளைக் கட்டிய முளையாகத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்த மக்கள் வைத்த பெயர். 1936 முதல் தருகிறார்கள். உங்கள் பதக்கத்தின் பின்னால் எண் இருந்தால் அது புத்தகத்தில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தினால், இது யாருடைய நெஞ்சில் இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. பெயரைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மங்கோலியர்கள் தந்தை பெயரை முன்னாலும் தம் பெயரைப் பின்னாலும் எழுதுவார்கள், சுருக்கும்போது தந்தை பெயரின் முதல் எழுத்து மட்டும் நிற்கும். நம் இனிஷியல் போலவேதான். முதலில் வருவதைக் குடும்பப் பெயர் என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.

பதக்கத்தையும் புத்தகத்தையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, இரண்டு உறைகளிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதி, ஒரே பெட்டியில் வையுங்கள். ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும்.