‘புரோபயாடிக்’ என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் போதுமா?

கேள்வி: தேவிபட்டினம் அருகே இரண்டு ஏக்கரில் வன்னாமி இறால் வளர்க்கிறேன். ஆன்டிபயாடிக்குக்குப் பதில் புரோபயாடிக் போடச் சொல்லும் ஏஜென்ட், இதற்கு அனுமதி எதுவும் தேவையில்லை என்கிறார். நம்பலாமா?

பதில்: புரோபயாடிக் போடுவதற்கு உங்களுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பொருள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஏஜென்ட் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆன்டிபயாடிக் கலக்காத இடுபொருட்கள் என்று பதிவானவற்றின் பட்டியலை ஆணையமே தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பாக்கெட்டில் உள்ள பெயரையும் தயாரிப்பாளரையும் அதில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவு என்பது தடைசெய்த மருந்து அதில் இல்லை என்பதற்குத்தானே தவிர, நோய் குணமாகும் என்பதற்கு அல்ல.

நல்ல புரோபயாடிக்கில் இருப்பவை பெரும்பாலும் பேசில்லஸ் போன்ற உயிருள்ள நுண்ணுயிர்கள். அவை குளத்தின் அடியில் சேரும் கழிவைச் சிதைத்து, இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியாவுக்கு இடம் கிடைக்காமல் செய்கின்றன. வெள்ளைப்புள்ளி நோயோ வைரஸால் வருவது, அதை எந்தப் பொடியும் குணப்படுத்தாது. ஆகவே போட்ட இரண்டே நாளில் சாவு நின்றுவிடும் என்று சொல்லி, லேபிள் இல்லாத சிறு பாக்கெட்டைத் தனியாக நீட்டுபவரிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. அப்படிப்பட்ட பொடியில் தடைசெய்த ஆன்டிபயாடிக்குகளான குளோராம்பெனிகாலோ நைட்ரோபுரானோ கலந்திருக்கலாம். ஏற்றுமதிச் சோதனைக்கூடங்கள் ஒரு கிலோ இறாலில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவைக்கூடக் கண்டுபிடித்துவிடும்; நைட்ரோபுரானின் எச்சம் தசையில் வாரக்கணக்கில் தங்கும். சரக்கு திரும்பி வரும்போது ஏஜென்டின் கைபேசி அணைந்திருக்கும், நஷ்டம் உங்கள் தலையில் விழும்.

ஒரு விதிவிலக்கை விரிவாகவே சொல்ல வேண்டும். வெல்லமும் தவிடும் ஈஸ்டும் சேர்த்து நீங்களே புளிக்கவைக்கும் கரைசல் விற்பனைப் பொருள் அல்ல, அதற்குப் பதிவு கேட்க மாட்டார்கள். ஆனால் அதில் கடையில் வாங்கிய கல்சர் பொடியைக் கலந்த கணமே அந்தப் பொடிக்குப் பதிவு உண்டா என்ற கேள்வி எழும். பக்கத்துப் பண்ணையார் கொடுத்த தாய்க்கரைசலும் அப்படியே, அவர் எதைப் போட்டுத் தொடங்கினார் என்று கேட்டறியாமல் ஊற்றாதீர்கள். கலந்த தேதி, அளவு, ஊற்றிய குளம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

நோயைக் குணமாக்கும் என்று விற்றால் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் பாயும் என்பதால், அதே பொடியைச் ‘சத்துப் பொருள்’ என்று அச்சிட்டு நழுவிவிடுகிறார்கள். மருந்துத் துறை, ஆணையம், ஏற்றுமதி வாரியம் என்று ஆளுக்கொரு வேலையைப் பார்க்கிறார்கள். கடைத்தெருவில் விற்கும் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் யார் என்பது இத்தனை ஆண்டுகளாகியும் விவசாயிக்கு விளங்கவில்லை. 2005இல் ஆணையத்துக்கான சட்டம் வந்து, 2023இல் திருத்தப்பட்ட பிறகும் இதே நிலை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எனவே பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல், தொகுதி எண் தெரியும்படி, அறுவடைப் பணம் கைக்கு வரும்வரை நிழலில் பத்திரப்படுத்துங்கள். அறுவடைக்கு முன்பே கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு வாரியத்தின் எலிசா (ஆன்டிபயாடிக் எச்சத்தைக் கண்டறியும் சோதனை) சோதனைக்கூடத்தில் இறால் மாதிரியைக் கொடுத்து முடிவை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு வியாபாரியிடம் விலை பேசுங்கள்.