கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஷூட்டர் கேம் விளையாட முடியுமா?

தம்பி, பண்டாரவளையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். ஐ5 லேப்டாப், 4 ஜிபி ரேம், தனியாக கிராபிக்ஸ் கார்டு இல்லை. வாலரண்ட் என்ற ஷூட்டர் கேமில் சும்மா நடக்கும்போது ஓடுகிறது, எதிரில் ஆள் வந்து சுடத் தொடங்கினால் படம் உறைந்து நிற்கிறது. கடையில் காட்டினால் "இதுல ஒண்ணும் செய்ய ஏலாது, புதுசு வாங்குங்க" என்கிறார்கள். வேறு வழி உண்டா என்பது கேள்வி. உண்டு. அதே பதிலைக் கேட்டுக்கொண்டு கடையிலிருந்து வீடு வரை பேசாமல் நடந்து வந்தவன் நான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களுடையதும் யாரோ பாவித்து விற்ற லேப்டாப்பாகத்தான் இருக்கும், வீட்டில் இன்னொன்று கேட்கிற நிலையும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2020 கடைசியில் வந்தது. என் ஊர் இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிய நாட்களில், போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடித் தேயிலை மலை ஏறி நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தன். மழையில் குடைக்குள் நின்று வகுப்புக் கேட்டதை அம்மா ஒருநாள் கொழுந்து நிறுக்கப் போகும்போது பார்த்துவிட்டார். அந்த மாதமே சீட்டைக் கழித்து எடுத்து, கொழும்பில் இருந்த மாமாவிடம் கொடுத்துவிட்டார். அப்போது அம்மாவின் நாட்சம்பளம் 1000 ரூபாய்கூட ஆகவில்லை. அந்த 1000 அரசாங்க வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான். அந்தக் காசில் வந்த லேப்டாப்பைத்தான் கடைக்காரர் "தூக்கிப் போடுங்க" என்றார்.

கேமுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வாலரண்டில் ஓர் அணிக்கு 5 பேர். நாங்களும் 5 பேர், எல்லாரும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். மூன்று பேர் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிந்த கையோடு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தன் கண்டியில். ஊரில் மிஞ்சியது நான் மட்டும். இரவு 10 மணிக்குக் கடை பூட்டிய பிறகு அவர்கள் ஹெட்போனைப் போட்டு "என்னடா சாப்டியா" என்று கேட்பது அந்த விளையாட்டுக்குள்தான். தீபாவளிக்கு மட்டும் பார்க்க முடிகிற ஆட்களுடன் தினமும் ஒரு மணித்தியாலம் இருக்க எனக்கு வேறு இடம் இல்லை. அதிலும் என் படம் உறைந்து முதல் ஆளாக நான் செத்துப்போவேன். அவர்கள் ஒருநாளும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னுடையது இன்டெல் ஐ5-7200யூ, அதற்குள்ளேயே இருக்கும் எச்டி 620 கிராபிக்ஸ். வாலரண்ட் தன் குறைந்தபட்சத் தேவையாகச் சொல்வது எச்டி 4000. அது 2012இல் வந்த சிப்பில் இருந்தது. அப்படியென்றால் நம் சிப் அதைவிட மேல்தான். பிறகு ஏன் திணறுகிறது?

உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. படத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் லேப்டாப்பின் ரேமில் இருந்துதான் எடுக்கிறது, அதுவும் பிராசஸருடன் பங்கு போட்டுக்கொண்டு. ரேம் துண்டு ஒன்று மட்டும் இருந்தால் போகவர ஒரே ஒரு பாதை. என்னுடையதில் இருக்கும் டிடிஆர்4 2133 வகை ரேம் ஒன்றில் நொடிக்குச் சுமார் 17 ஜிபி போகலாம். இரண்டு துண்டு போட்டால் 34. சண்டை தொடங்கும்போது புகை, குண்டு, வெளிச்சம் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கப்படும். அந்த ஒற்றைப் பாதையில்தான் நெரிசல். போதாததற்கு, 4 ஜிபியில் விண்டோஸே பாதிக்கு மேல் தின்றுவிடும். மிச்சம் போதாமல் ஹார்ட் டிஸ்க்கைத் தட்டப் போகும்போதுதான் அந்த உறைதல் வருகிறது.

இன்னொரு 4 ஜிபி துண்டு, பாவித்தது, ஏறக்குறைய 4000 ரூபாய்க்கு இணையத்தில் ஆர்டர் செய்தேன். இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். அதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது.

முகவரி என்ன எழுதுவது? எங்கள் லயத்துக் காம்பராக்களுக்கு, அதாவது குடும்பம் இருக்கும் அறைகளுக்கு, இலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. பெயர், டிவிஷன் என்கிற தோட்டப் பிரிவு, தோட்டம், அவ்வளவுதான். அதே பெயரில் எங்கள் டிவிஷனிலேயே மூன்று பேர். பார்சல் தோட்ட ஆபிஸுக்குப் போய் அங்கே 19 நாள் கிடந்தது. நான் இரண்டு தடவை போய்க் கேட்டேன், இரண்டு தடவையும் வரவில்லை என்றார்கள். மூன்றாவது தடவை அலுமாரிக்கு மேலே கிடந்ததை நானே கண்டு எடுத்தேன். ரேம் துண்டுதானே, போகட்டும். என் அக்காவுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்ததும் இதே வழியில்தான். கையில் கிடைத்த நாளில் பரீட்சை முடிந்து நான்கு நாள். அக்கா அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறார். எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருஷம் என்று 2023இல் 'மலையகம் 200' மேடை போட்டுப் பேசினோம். 200 வருஷம் ஒரு மண்ணில் இருந்தவர்களுக்குக் கதவில் ஒட்ட ஓர் இலக்கம் கேட்பது பெரிய கேள்வியா? இதற்கும் லேப்டாப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது எழுதுவீர்கள். எனக்கு இருக்கிறது.

ரேமைப் போட்ட அன்று, அதே செட்டிங்கில், முன்பு சண்டையில் 22, 25 என்று விழுந்த ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு) 45க்குக் கீழே போகவில்லை. இரவு விளையாடும்போது கண்டியில் இருப்பவன் "லேப்டாப் மாத்திட்டியா?" என்று கேட்டான்.

ஆனால் அரை மணித்தியாலம் போனதும் மறுபடி இறங்கத் தொடங்கியது. காரணம் சூடு. நம்ம ஊர் குளிர்தானே, லேப்டாப் சூடாகாது என்று நானும் நம்பியிருந்தேன். அறை குளிராக இருந்தாலும் உள்ளே காற்று போகாவிட்டால் சூடு சூடுதான். அடியில் உள்ள மூடியைக் கழற்றினேன், முதல் வேலையாக பேட்டரி வயரை எடுத்துவிட்டேன். எங்கள் காம்பராவில் விறகடுப்பு. அந்தப் புகைக்கரி தூசியோடு சேர்ந்து, காற்று வெளியே போகும் செப்புத் தகடுகளுக்கு முன்னால் கறுப்புப் பாய் விரித்த மாதிரி படிந்திருந்தது. நகத்தால் இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது, தொட்டால் பிசுபிசுப்பு, முகர்ந்தால் அடுப்பங்கரை வாசம். மின்விசிறியைச் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பழைய பல் பிரஷால் துடைத்தேன். சிப்பின் சூட்டைக் கடத்த அதன் மேல் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. பார்மசியில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு நெல் அளவு வைத்து மூடினேன். 95 டிகிரியில் நின்றது 78க்கு வந்தது. விறகடுப்பு உள்ள வீடென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். கை நடுங்கினால் தெரிந்தவரிடம் கொடுங்கள், தவறாகத் திறந்து உடைந்துவிட்டால் என்மேல் கோபப்பட வேண்டாம்.

இந்த வகைச் சிப்புக்கு மொத்தமே 15 வாட் கணக்கு. பிராசஸரும் கிராபிக்ஸும் அதையேதான் பிரித்துக்கொள்கின்றன. அதனால் பின்னால் குரோம் திறந்து வைத்துக்கொண்டு விளையாடுவது, கிராபிக்ஸின் சாப்பாட்டை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதுதான். சார்ஜரைக் குத்தியே விளையாடுங்கள். சித்திரை மாதத்து மத்தியான இடிக்கு மட்டும் கழற்றிவிடுங்கள், நான் ஒரு சார்ஜரை அப்படித்தான் இழந்தேன்.

செட்டிங்கில் முதலில் ரெசல்யூஷன். 1920க்கு 1080 என்றால் ஒரு படத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். 1280க்கு 720 என்றால் 9 லட்சத்துச் சொச்சம். பாதிக்கும் கீழே வேலை குறைகிறது. தூரத்துத் தலை கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பழகிவிடும். மற்ற தரமெல்லாம் லோ, ஓரங்களை மழுப்பிக் காட்டும் ஆன்டி அலைஸிங் வேண்டாம், படத்தைத் திரையின் வேகத்தோடு இணைக்கும் விசின்க் வேண்டாம். அப்புறம், இதைப் பலர் செய்வதில்லை: ஃபிரேமுக்கு ஒரு எல்லை வையுங்கள். என்னுடையது 50. ஷூட்டர் கேமில் 70க்கும் 30க்கும் நடுவில் குதிப்பதைவிட ஒரே சீராக 45 ஓடுவது எவ்வளவோ மேல். 60இல் ஒரு படம் 17 மில்லிசெகண்டில் வரும், 25இல் 40. மூலையில் ஆள் தெரியும் அந்த நொடியில் இந்த வித்தியாசம் மாறிக்கொண்டே இருந்தால் கை எதை நம்பிக் குறிபார்க்கும்? மெனுவில் நிற்கும்போது 30 என்று வேறு எல்லை வைக்கலாம், ஆட்டங்களுக்கு நடுவில் சிப் ஆறிக்கொள்ளும்.

விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றினால் கிராபிக்ஸ் மெமரி கூடும் என்று வீடியோக்கள் வரும். அது காட்டுகிற எண்ணைத்தான் மாற்றும், இல்லாத மெமரியை உண்டாக்காது. பூஸ்டர் மென்பொருள்களும் வேண்டாம்.

எல்லாம் ஓடும் என்று நான் சொல்லவில்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் பழைய குளோபல் ஒஃபென்சிவ் என் லேப்டாப்பில் நன்றாகவே ஓடியது. 2023 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் எவ்வளவு குறைத்தும் 25ஐத் தாண்டவில்லை, விட்டுவிட்டேன். டீம் ஃபோர்ட்ரஸ் 2, லெஃப்ட் 4 டெட் 2 இரண்டும் தாராளமாக ஓடும். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 எந்த லேப்டாப்பிலும் ஓடும், இணையமே வேண்டாம், ஒரு ரவுட்டர் போதும். 2022இல் கரண்ட் கட் 13 மணித்தியாலம் வரை போன நாட்களில், பேட்டரி உள்ள மட்டும் பக்கத்துக் காம்பராத் தம்பிமாருடன் அதைத்தான் விளையாடினோம். கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்கள் வந்து "45 ஃபிரேம் எல்லாம் ஒரு விளையாட்டா" என்று எழுதினால், அவர்கள் பழகியது அவர்களுக்கு. நான் அந்த 45இல் வாலரண்டில் கோல்ட் என்ற தரவரிசை வரை ஏறியிருக்கிறேன். அதே லேப்டாப்பில்தான் இன்று போஸ்டர் டிசைன் செய்து வீட்டுக்குக் காசு கொடுக்கிறேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸில் மெமரியை அழுத்துங்கள். கீழே எத்தனை ஸ்லொட்டில் எத்தனை பாவனையில் என்று இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் உங்களுக்கு வழி திறந்திருக்கிறது. சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு ஒட்டியிருக்கும், அதனால் வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். அதே வேகமுள்ள துண்டாக எடுங்கள். ஆர்டர் செய்தால் வீட்டு முகவரி வேண்டாம். டவுனில் தெரிந்த அண்ணன் யாராவது கடை வைத்திருப்பார், அந்தக் கடை முகவரியையும் அவருடைய போன் நம்பரையும் கொடுங்கள்.