‘நார்மல்’ என்று வரும் செவிப் பரிசோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது?

பல்லடம் அருகே நாடா விசைத்தறிக் கூடம் ஒன்றின் மேற்பார்வையாளர் கேட்கிறார்: ஆண்டுதோறும் செவிப் பரிசோதனை நடத்துகிறோம், எல்லோருக்கும் ‘நார்மல்’ என்றே வருகிறது; ஆனாலும் மூத்த தறிக்காரர்கள் இரவில் காதுக்குள் ரீங்காரம் கேட்பதாகச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

தறிக்காரர்கள் சொல்வதை நம்புங்கள். 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய மூன்று அதிர்வெண்களில் காதுக்குக் கேட்கும் மிகக் குறைந்த ஒலியளவின் சராசரி 25 டெசிபலுக்குள் இருந்தால் (இந்த எண் கூடக்கூடச் செவித்திறன் குறைவு என்று பொருள்) ‘நார்மல்’ என்று எழுதிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இரைச்சலோ பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத்தான் முதலில் பாதிக்கிறது. ஆகவே ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் செவித்திறனைக் காட்டும் வரைபடத்தை (ஆடியோகிராம்) கேட்டு வாங்குங்கள். 3000 முதல் 6000 வரை கோடு பள்ளமாக இறங்கி, 8000இல் மீண்டும் ஏறியிருந்தால் இரைச்சல் பாதிப்பு என்று ஐயுற வேண்டும்.

அதைவிட முக்கியம், ஒவ்வொருவரையும் அவரது முதல் பரிசோதனையோடு ஒப்பிடுவது. ஒருவருக்கு வேலையில் சேர்ந்தபோது 2000, 3000, 4000 ஹெர்ட்ஸில் 10, 10, 15 டெசிபலாக இருந்தது இப்போது 15, 20, 30 ஆகியிருந்தால், அறிக்கை ‘நார்மல்’ என்றே சொல்லக்கூடும். ஆனால் செவித்திறன் சராசரியாக 10 டெசிபல் சரிந்திருக்கிறது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் இந்த அளவையே எச்சரிக்கைக் கோடாகக் கொள்கின்றன. இத்தகையவரை 30 நாட்களுக்குள் மறுபரிசோதனைக்கும், காதில் அழுக்கோ சீழோ உள்ளதா என்று பார்க்க காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் அனுப்புங்கள். முதல் பரிசோதனைக்கு முன் 14 மணி நேரமாவது இரைச்சலின்றி இருந்திருக்க வேண்டும் என்பதால், வார விடுமுறைக்கு மறுநாள் காலை, ஷிப்ட் தொடங்குமுன் நடத்துவது நல்லது. (முந்தைய இரவு திருவிழாவில் ஒலிபெருக்கி அருகே நின்றவரை வேறொரு நாளில் அனுப்புங்கள்.)

தடுப்பைப் பொறுத்தவரை, தேய்ந்த பாகங்களையும் தளர்ந்த போல்ட்டுகளையும் சரிசெய்வது, நூல் சுற்றும் பகுதியைச் சுவரால் பிரிப்பது ஆகியவையே முதலில் வர வேண்டும். காதடைப்பான் அதற்குப் பிறகுதான். அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாது. நுரைப்பஞ்சு (ஃபோம்) அடைப்பானை விரல்களால் மெலிதாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை விரலை எடுக்காதிருக்கப் பழக்குங்கள். 8 மணி நேர ஷிப்டில் அரை மணி நேரம் கழற்றி வைத்தாலே, 30 டெசிபல் பாதுகாப்பு ஏறத்தாழ 12 ஆகக் குறைந்துவிடும். பேசுவதற்காகத்தான் பெரும்பாலோர் கழற்றுகிறார்கள். ஆகவே தறிகளுக்கிடையே பயன்படுத்தக் கை சைகைகளை முறைப்படுத்துங்கள், நீண்ட பேச்சைக் கூடத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.