கணினி ஓடுகிறது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் உதிரி பாகங்களை வாங்கி வீட்டிலேயே கணினி ஒன்றைப் பொருத்தினான். பிராசசர் ரைசன் 5 5600; அதைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினோம். பி450 மதர்போர்டும் இரண்டு 8 ஜிபி ராமும் இணையத்தில் வாங்கியவை. கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தஞ்சாவூரில் எடுத்தோம். கிராபிக்ஸ் கார்டைத் தீபாவளிக்குப் பிறகு வாங்கலாம் என்று விட்டுவிட்டோம். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் சுழல்கின்றன. மானிட்டரிலோ ‘நோ சிக்னல்’ என்றே வருகிறது. உள்ளூரில் பழுது பார்ப்பவர் மதர்போர்டு போய்விட்டது, வேறு வாங்குங்கள் என்கிறார். திருப்பி அனுப்பும் கெடு முடிய இன்னும் சில நாள்களே உள்ளன. என்ன செய்வது?
— வாசகர், மன்னார்குடி

பதில்: புது மதர்போர்டு வாங்க வேண்டாம், இருப்பதைப் பழுது என்று சொல்லி இப்போதே திருப்பி அனுப்பவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலிலேயே காரணம் இருக்கிறது. ரைசன் 5 5600 பிராசசருக்குள் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி கிடையாது. மதர்போர்டின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருப்பதைப் பார்த்துப் பலரும் ஏமாறுகிறார்கள். உள்ளே கிராபிக்ஸ் பகுதியுள்ள பிராசசரைப் பொருத்தினால்தான் அந்தத் துளைக்கு உயிர் வரும். பெயரில் ‘ஜி’ சேர்ந்த 5600ஜி அப்படிப்பட்டது. இன்டெல்லில் 12400எஃப் போல ‘எஃப்’ என்று முடிபவற்றிலும் இதே குறை உண்டு. தனிக் கார்டு தேவை என்பதை ஏஎம்டி நிறுவனம் 5600-இன் விவரப் பக்கத்திலேயே குறிப்பிட்டிருக்கிறது. பாகங்களைப் பார்த்த பழுதுக்காரர் இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எனவே கெடு முடிவதற்குள் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஏதேனும் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டை இரவல் வாங்கிப் பொருத்துங்கள். கார்டுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால் அதைக் கொடுத்து, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்லாமல் கார்டில் செருகுங்கள். படம் வந்துவிட்டால் எந்தப் பாகத்திலும் பழுதில்லை.

அப்போதும் வராவிட்டால் அடுத்த சந்தேகம் பயாஸ் மீது, அதாவது கணினியைத் தொடங்கிவைக்க மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள் மீது. பி450 பலகைகள் 2018-இல் வந்தவை; ரைசன் 5000 வரிசையின் முதல் பிராசசர்கள் 2020 நவம்பரில்தான் விற்பனைக்கு வந்தன, 5600 அதற்கும் பின்னர் 2022-இல் வந்தது. ஆகவே கிடங்கில் நெடுநாள் கிடந்த பலகையாக இருந்தால், அதிலுள்ள பழைய பயாஸுக்கு உங்கள் பிராசசரை அடையாளம் தெரியாது. பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பிக்கும் பட்டன் சில பலகைகளில் உண்டு. உங்களுடையதில் அது இல்லையென்றால், பழைய ரைசன் பிராசசர் வைத்திருக்கும் கடையில் கொடுத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இடையே சில சிறு சோதனைகளையும் மகன் செய்து பார்க்கட்டும். பெரிய 24 முனை இணைப்பு மட்டும் போதாது. பிராசசருக்கு அருகிலுள்ள 8 முனை இணைப்பு விடுபட்டாலும் ஃபேன்கள் சுழலும், திரை மட்டும் வராது. ராம்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதைப் பிராசசரிலிருந்து இரண்டாவது துளையில் ‘கிளிக்’ என்னும்வரை அழுத்த வேண்டும். இவற்றையெல்லாம் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டே செய்ய வேண்டும். பிராசசரை மட்டும் காரணமின்றி எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். இவ்வகையில் ஊசிகள் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் உத்தரவாதம் கிடைக்காது.

இவ்வளவுக்கும் பிறகு கோளாறு மதர்போர்டில்தான் என்று தெரிந்தால், கெடுவுக்குள் மாற்றுக் கோரிக்கையைப் பதிவு செய்துவிடுங்கள். சோதனையைக் காணொளியாக எடுத்து, பில், பெட்டி, வரிசை எண் ஆகியவற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களில் வாங்கியிருப்பதால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். கெடு கடந்துவிட்டாலும் தயாரிப்பாளரின் உத்தரவாதம் தனியாக இருக்கும்.

ரிச்சி தெருக் கடையைப் பொறுத்தவரை, கேட்ட பொருளைத்தான் அவர் கொடுத்திருக்கிறார். கார்டு இல்லை என்று நீங்கள் சொல்லியும் அவர் இதையே பரிந்துரைத்திருந்தால் கேட்க நியாயம் உண்டு; பிரித்த பிராசசரைத் திரும்ப எடுக்கும் கடைகள் குறைவு என்பதையும் மனத்தில் வையுங்கள். எப்படியும் கார்டு வாங்கப்போகிறீர்கள் என்பதால், 5600ஜிக்கு மாறாமல் கார்டை முன்கூட்டியே வாங்குவதுதான் என் யோசனை. 5600ஜியில் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், 16 எம்பி மட்டுமே; உங்களிடம் இருப்பதில் 32 எம்பி.

விற்பனையாளர் பழுதான பலகையை மாற்ற மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாததால் கட்டணம் இல்லை.