அடம்பங்கொடி முதல் பறி வரை: டீச்சரிடம் கேட்டவை

வடசென்னைப் பள்ளிகளில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது பழவேற்காட்டுப் பக்கம் இருளர் குடியிருப்புகளுக்கு அடிக்கடி போய் வருகிறேன். வைத்தியம் தெரியாது, செடியை அடையாளம் காட்டத் தெரியும், அவ்வளவுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து: டீச்சர், கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு ஒரு கொடி படருமே, சொறி (ஜெல்லி மீன்) பட்ட இடத்தில் அதைக் கசக்கிப் பூசுவார் எங்கள் ஆயா. உண்மையிலேயே வேலை செய்யுமா?

அது அடம்பங்கொடி. சங்கப் பாடல்களில் அடும்பு என்று வரும். இலை நடுவில் பிளந்து மான் குளம்பு மாதிரி இருக்கும். விதை கடலில் மிதந்தே கரை கரையாகப் போவதால் ஆஸ்திரேலியாவிலும் இதே கொடிதான். அங்குள்ள பழங்குடிகள் இதன் இலையைச் சூடாக்கி, கடல் உயிர் கொட்டிய இடத்தில் வைப்பார்கள். தாய்லாந்தில் இதன் சாற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது சொறியின் நஞ்சை அது தணித்தது. ஆக, ஆயா சும்மா சொல்லவில்லை. ஆனால் முதலில் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும். மூச்சுத் திணறினால் கொடியைத் தேடிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இதில் எனக்கு ஒரு புலம்பல் உண்டு. துறைமுகம் வந்த பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் மெரினாவிலேயே தங்கிவிட்டது. ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது, நாம் பாறாங்கல் கொட்டினோம். மணலில் ஓடுகிற கொடி கல்லில் எங்கே ஓடும்? ஆயாவின் மருந்து காணாமல் போனதற்குப் பேரப்பிள்ளைகளின் மறதியை மட்டும் குறை சொல்ல முடியாது.

மணலியிலிருந்து: தண்டவாளம் ஓரமாகக் கீழாநெல்லி நிறைய முளைத்திருக்கிறது. பறிக்கலாமா?

வேண்டாம். தொழிற்சாலைப் பக்கம், கொடுங்கையூர்க் குப்பைமேடு, பக்கிங்காம் கால்வாய்க் கரை, தண்டவாள ஓரம் என்று எங்கே முளைத்தாலும் மண்ணில் இருக்கும் ஈயத்தையும் மற்றதையும் செடி உறிஞ்சிக்கொள்ளும். கழுவினால் போகாது. தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள், ஒரு மழைக்கு அதுவே பரவிவிடும். காய் இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காமாலை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை, கீழாநெல்லி எல்லாம் அப்புறம்.

மீஞ்சூரிலிருந்து: இருளரிடம் பாம்புக்கடிக்கு ரகசிய மூலிகை இருக்கிறதாமே, வாங்கித் தர முடியுமா அக்கா?

இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவையாவது வந்துவிடும். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது இருளர் பிழைப்பே ஆட்டம் கண்டது. 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலிருந்தும் நஞ்சு எடுத்துத் தருகிறது. விஷமுறிவு ஊசி அந்த நஞ்சை வைத்துத்தான் தயாராகிறது. ஆக, நீங்கள் கேட்கும் இருளர் மருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் கொண்டுபோய்ச் சேருங்கள்.

வியாசர்பாடியிலிருந்து, கல்லூரி மாணவி: பழங்குடி மூலிகைகளைப் பட்டியல் எடுத்து புராஜெக்ட் செய்யப் போகிறேன் மேடம். எப்படித் தொடங்குவது?

பட்டியலில் தொடங்காதே அம்மா. அகத்தியமலையில் நடந்ததைச் சொல்கிறேன். 1987இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டுக்குள் போனபோது, வழிகாட்டிய காணிக்காரர்கள், அதாவது அந்த மலைப் பழங்குடிகள், ஒரு காயை மென்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். என்ன காய் என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. நச்சரித்துத்தான் காட்ட வைத்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை என்ற செடி. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. 1995இல் தயாரிப்பு உரிமை கொடுத்தபோது 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும் பேசி, அதில் பாதி காணிகளுக்கு என்று வைத்தார்கள். உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனாலும் எல்லாருக்கும் சொந்தமான அறிவைச் சொல்லச் சிலருக்கு என்ன உரிமை என்று காணிகளுக்குள்ளேயே மனக்கசப்பு. என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். நீ நோட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு இரண்டு தடவை சும்மா போய் வா. சொன்னவர் பெயரைப் போடலாமா, எதை எழுதக் கூடாது என்று அவர்களையே கேள்.

எண்ணூரிலிருந்து: சீமைக்கருவேலம் நம்ம ஊர் மரமா?

இல்லை. தென் அமெரிக்கா பக்கத்து மரம், வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. நம்முடையது கருவேலம், காய் மணிமணியாக இடுங்கி இருக்கும், குச்சி பல் துலக்க ஆகும்.

காட்டுப்பள்ளியிலிருந்து: எப்போதும் மருந்துதானா டீச்சர்? செடிகொடியால் வேறு பயனே இல்லையா?

நல்ல கேள்வி, எனக்கும் இது தோன்றியிருக்கிறது. செடி என்றாலே கஷாயம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். எண்ணூர், பழவேற்காடு கழியில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பாருங்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பிடித்த இறாலைப் போட, பனையோலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். எந்த ஓலை, எவ்வளவு அகலம் என்பதெல்லாம் கைப்பழக்கம். ஒரு தடவை நானும் பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். பத்தே நிமிஷத்தில் தாடை வலித்து ஏறிவிட்டேன். இறால் ஒன்றுகூடச் சிக்கவில்லை, அவர்களுக்கு ஒரே சிரிப்பு.

தேரடியிலிருந்து: திருவொற்றியூர்க் கோவில் மகிழமரத்துப் பட்டையைப் பல்லுக்கு எடுக்கலாமா?

பட்டைக் கஷாயத்தில் வாய் கொப்பளிப்பது பழைய வழக்கம்தான். ஆனால் சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்த மரத்தில் கத்தி வைக்காதீர்கள். ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள்.