பார்சல் வந்தா பிரிக்கக்கூடத் தோணல: தென்னாப்பிரிக்கா டர்பன் வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ராத்திரி பத்து மணிக்கு மேல போனை எடுத்தா ஏதாவது ஆர்டர் போட்டுடறேன் அக்கா. பார்சல் வந்தா பிரிக்கக்கூடத் தோணல. அலமாரி பூரா டேக் கிழிக்காத துணி. எனக்கு என்ன ஆச்சு? (சாட்ஸ்வொர்த்)

பதில்: தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி தூக்கமே வராது, ஆனா தீபாவளி மத்தியானம் சோம்பலா படுத்துக் கெடப்போம், ஞாபகம் இருக்கா? அதேதான் இது. மூளைல ஆசையத் தூண்டற டோபமைன்ங்கற ரசாயனம், பொருள் கைக்கு வரும்போது இல்ல, "வரப்போகுது"ங்கற எதிர்பார்ப்புலயே கூடிடுது, அதனால உங்களுக்குக் கிக் ஆர்டர் பட்டனை அழுத்துற அந்த நிமிஷத்துலதான், பார்சல் வெறும் அட்டைப்பெட்டி. ஆப்ல சக்கரம் சுத்தினா கூப்பன் விழறது கேசினோ மெஷின் வித்தைதான், எப்ப விழும்னு தெரியாததாலதான் கை நிக்கறதில்ல. "இன்னும் 9 நிமிஷம்தான்"னு கடிகாரம் ஓடறது, யோசிக்க விடாம அவசரப்படுத்தறதுக்கு.

என்ன வாங்கினீங்கன்னு நான் கேக்க மாட்டேன், போனை எடுக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேப்பேன். வீட்ல சண்டையா, எல்லாரும் தூங்கினப்பறம் தனிமையா? ரெண்டு வாரம் நேரம், மனசு, தொகை மூணையும் நோட்டுல எழுதுங்க. ஆப்ல சேவ் ஆயிருக்கற கார்டை அழிச்சிடுங்க, ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போயி பர்ஸ எடுத்து நம்பர் அடிக்கணும்னா பாதி ஆசை அங்கயே அடங்கிடும். அதுக்கும் அடங்கலன்னா சிபிடி தெரப்பி இருக்கு, நெனப்பயும் பழக்கத்தயும் மாத்தப் பழக்கற பேச்சு சிகிச்சை, இதுக்கு நல்லா உதவுது.

கேள்வி: இதெல்லாம் வியாதியா, இல்ல கொழுப்பா? மாமியார் கேக்கறாங்க. (ஃபீனிக்ஸ்)

பதில்: மாமியார்கிட்ட சொல்லுங்க, இது ஆன்லைன் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னாலயே கிரேப்பெலின்ங்கற ஜெர்மன் மனநல டாக்டர் இத ஓனியோமேனியா, அதாவது வாங்கற வெறின்னு எழுதி வச்சுட்டாரு. 2022ல நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11ங்கற நோய்ப் பட்டியல்ல இது உந்துதலை அடக்க முடியாத கோளாறுகள் பக்கம் ஒரு உதாரணமா வருது, போதைப் பொருள் இல்லாத பழக்கங்கள்ல சூதாட்டமும் வீடியோ கேமும்தான் அடிமைப் பழக்கம்னு பேர் போட்டு தனியா இருக்கு. அமெரிக்காவோட மனநோய்க் கையேடு டிஎஸ்எம்-5ல (2013) தனி நோயாவே கெடையாது. அதனால பேர்ல சண்டை இன்னும் ஓயல. எனக்கு அந்தச் சண்டை முக்கியமில்ல: நிறுத்தணும்னு நெனச்சும் நிறுத்த முடியலயா, பார்சலை ஒளிச்சு வைக்கறீங்களா, கடன் ஏறுதா? அப்ப உதவி வேணும். தீபாவளிக்கு நாலு புடவை வாங்கறதெல்லாம் வியாதி இல்ல!

கேள்வி: அப்பாக்கு 68 வயசு, பார்கின்சன்ங்கற நடுக்க நோய். ஒரு பைசா வீணாக்க மாட்டாரு, இந்த வருஷம் டார்ச்சு, டூல்ஸ்னு ஆர்டர் போட்டுத் தள்றாரு. (டோங்காட்)

பதில்: திட்டாதீங்க, முதல்ல மாத்திரைப் பேரைப் பாருங்க. ப்ராமிபெக்ஸோல், ரோபினிரோல் மாதிரி டோபமைன் வேலையச் செய்யற மருந்துங்க சிலருக்கு இப்படி வாங்கற வெறியயும் சூதாட்டத்தயும் கெளப்பி விடும், இது தெரிஞ்ச பக்க விளைவுதான். நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. டாக்டர்கிட்ட போயி நடந்தத அப்படியே சொல்லுங்க, டோஸ் கொறைப்பாங்க இல்ல மாத்துவாங்க.

கேள்வி: வட்டியே இல்லாம மூணு தவணை, அதுல என்னக்கா தப்பு? (மெரிபேங்க்)

பதில்: எங்க பாட்டி டர்பன் கிரே ஸ்ட்ரீட் கடைல "லேபை"ங்கற முன்தவணை போட்டுதான் புடவை எடுப்பாங்க, மாசாமாசம் கட்டி, முழுசா தீந்தப்பறம்தான் புடவை கைக்கு வரும், அதுக்குள்ள வேணுமா வேணாமான்னு பத்து தடவை யோசிச்சிருப்பாங்க. இப்ப தலைகீழ், பொருள் முதல்ல, யோசனை கடைசில. 900 ராண்டுக்கு வாங்கினா 300தான்னு தோணும், அப்படி அஞ்சு ஓடுச்சுன்னா மாசம் 1500. ஏற்கெனவே மாட்டிக்கிட்டீங்கன்னா கடன் கொடுக்கறவங்களக் கண்காணிக்கற நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டர்ல பதிவான டெட் கவுன்சலர, அதாவது கடன் ஆலோசகர பாருங்க. அவர் மூலமா கடனை ஒழுங்குபடுத்திக் கட்டற டெட் ரிவ்யூல இருக்கறவரைக்கும் புதுக் கடன் வாங்க முடியாது, அதுவே சிலருக்கு நிம்மதி.

கேள்வி: வாங்கிட்டேன், இப்ப வேணாம். திருப்பலாமா? (வெருலம்)

பதில்: நம்ம நாட்டு 2002 மின்னணு வணிகச் சட்டப்படி, ஆன்லைன்ல வாங்கின பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள்ள காரணமே சொல்லாம ரத்து பண்ணலாம், திருப்பி அனுப்பற செலவு மட்டும் உங்களோடது. சாப்பாட்டுச் சாமான் மாதிரி சிலதுக்கு இது கெடையாது. பெட்டிய இன்னிக்கே பிரிச்சுப் பாத்துடுங்க, எட்டாவது நாள் வந்து என்கிட்ட கேக்காதீங்க.