‘அதெல்லாம் ஒரு கேமா?’

வாசகர் கேள்வி–பதில்

கே: தினமும் ராத்திரி போனில் பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் இந்தியப் பதிப்பு) ஆடுகிறேன். ஹாஸ்டல் அறையில் கேமிங் லேப்டாப் வைத்திருக்கும் நண்பன், ‘அதெல்லாம் ஒரு கேமாடா? எதிர்ல பாதிப் பேரு பாட் (bot), கம்ப்யூட்டரே ஆட்டுற பொம்மை’ என்று எல்லார் முன்னாலும் கேலி செய்கிறான். நான் என்னைக் கேமர் என்று சொல்லிக்கொள்ளலாமா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ப: தம்பி, உன் நண்பனின் கட்சியில் நான் ஒரு காலத்தில் வட்டச் செயலாளர். 2003 முதல் 2011 வரை மதுரையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு கம்ப்யூட்டர், மணிக்குப் பதினைந்து ரூபாய். சாயங்காலம் நாலரை ஆனால் ஸ்கூல் பைகள் வாசல் பெஞ்சில் குவிந்துவிடும். உள்ளே கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை கேம், அதில் டஸ்ட் 2 மேப். ‘பி சைட்ல ஒளிஞ்சிருக்கான்டா!’ என்று ஒருவன் கத்துவான். ஒளிந்திருப்பவன் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

கம்ப்யூட்டர் காலியாகாத பையன் அதே பெஞ்சில் அப்பாவின் நோக்கியா 1100-இல் பாம்பை ஓட்டிக்கொண்டிருப்பான். அவனும் விளையாடிக்கொண்டுதானே இருந்தான்? ஆனால் எங்களில் ஒருவருக்கும் அப்படித் தோன்றியதில்லை. அவன் ‘வெயிட்டிங்’, அவ்வளவுதான். போன் கேம் என்றால் உதட்டைப் பிதுக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

உன் நண்பன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தொடக்க ரேங்குகளில் உன்னிடம் செத்து விழுபவர்களில் நிறைய பேர் பாட்தான். சுவரைப் பார்த்துச் சுட்டுவிட்டு நிற்பார்களே, அவர்கள். கண்ணாடித் திரையில் பட்டனும் கிடையாது. அழுத்துகிற விரலே பார்வையை மறைக்கும். மவுஸ் பிடித்தவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் பப்ஜி மொபைலைக் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் என்ற சாப்ட்வேர் போட்டு ஆடுகிறவர்களை அந்த கேமே தனியாகப் பிரித்து, அவர்களுக்குள்ளேயே மோதவிட்டது. மவுஸோடு வந்தவனைப் போன்காரன் முன்னால் விட்டால் நியாயமில்லை என்று அர்த்தம்.

ஆனால் நாலு விரலையும் கொடுக்கு மாதிரி வளைத்துப் போனைப் பிடித்து (அதுதான் கிளா), போனைச் சாய்த்தே குறியைத் திருப்பும் கைரோவை வைத்து, விடாமல் சுடும்போது குதிக்கிற துப்பாக்கியை அடக்குகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். உன் நண்பனிடம் போனைக் கொடுத்து ஒரே ஒரு மேட்ச் அப்படி ஆடச் சொல். அதுவரை கேமர் பட்டத்தை அவன் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டிய அவசியமில்லை.

கே: போன் கேம் பிடிக்கவில்லை என்றால் ஆடாமல் இருந்துவிட்டுப் போகலாமே. சீரியஸ் கேமர்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள்?
— ஒரு வாசகி, சென்னை

ப: அந்தக் கோபத்தின் உச்சம் 2018 நவம்பரில், அமெரிக்காவின் அனஹெய்மில் பிளிசார்டு என்ற கேம் கம்பெனி நடத்திய விழாவில் வெடித்தது. அவர்களுடைய டயாப்லோ என்ற கம்ப்யூட்டர் கேம் வரிசையில் மூன்றாம் பாகம் வந்தது 2012-இல். அடுத்தது வரும் என்று ரசிகர்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அறிவித்ததோ ‘டயாப்லோ இம்மார்ட்டல்’, போனுக்கான கேம். கம்ப்யூட்டரில் வருமா என்று கேட்டதற்கு இல்லை என்றதும் கூட்டம் ‘பூ…’ என்று ஊளையிட்டது. ஒருவர் மைக்கைப் பிடித்து, இது ஏப்ரல் ஃபூல் விளையாட்டா என்றே கேட்டுவிட்டார். வடிவமைப்பாளர் வயாட் செங் திகைத்துப்போய், ‘உங்ககிட்டல்லாம் போன் இல்லையா?’ என்று கேட்டார். அந்த ஒரு வரியை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கல்யாண வீட்டில் இலை போட்டுவிட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தால் எப்படி இருக்கும்? டீ மேல் யாருக்கும் பகை இல்லை. இலை போட்டதுதான் பிரச்சினை.

2022 ஜூனில் அது வெளிவந்தபோது கம்ப்யூட்டருக்கும் சேர்த்தே வந்தது. ஆனால் கதாபாத்திரத்தின் பலத்தை ஏற்றும் ரத்தினக் கற்களை அதிர்ஷ்டக் குலுக்கல் மாதிரி விற்றார்கள். காசு இறைத்தவன் பலசாலி. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அங்குள்ள சூதாட்ட விதிகளால் கேமை வெளியிடவே இல்லை. ‘போனில் வந்தால் இப்படித்தான்’ என்று எங்கள் ஆட்கள் மார்தட்டினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். எங்கள் கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் அடுத்து வந்த பதிப்பிலேயே 2013-இல் பெட்டி விற்பனை தொடங்கிவிட்டது. பெட்டி சும்மா கிடைக்கும், திறக்கச் சாவி வேண்டும், சாவிக்கு இரண்டரை டாலர் கிட்டே. உள்ளே என்ன நிறத் துப்பாக்கி வரும் என்பது உன் ராசி. ஃபிஃபா கால்பந்து கேமில் வீரர்களை மூடிய பாக்கெட்டில் விற்றதும் இதே கதை; பெல்ஜியத்தில் அதை நிறுத்த வேண்டிவந்தது. போன் கேமைச் சூதாட்டம் என்று திட்டிக்கொண்டே கத்திக்கு நல்ல ஸ்கின் (மேல் அலங்காரம்) விழாதா என்று சாவி வாங்கியவர்களில் நானும் ஒருவன். எத்தனை சாவி என்று கேட்காதீர்கள், இந்தப் பத்திரிகையை வீட்டிலும் படிக்கிறார்கள்.

கே: கேண்டி கிரஷ்ஷில் 2,300-வது லெவலில் இருக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் மகன், ‘இது மூளையில்லாதவங்க ஆடுறதும்மா’ என்கிறான். மனசு கஷ்டமாக இருக்கிறது.
— இல்லத்தரசி, விருதுநகர்

ப: அக்கா, என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அதில் ஐந்து உயிர்தான். போனால் அரை மணிக்கு ஒன்று வீதம் திரும்பும் அல்லவா? ஒருகாலத்தில் என் மனைவி போன் கடிகாரத்தை மூன்று மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து ஐந்தையும் வாங்கிவிடுவார். மறுபடி சரியாக வைக்க மறந்து, ஒருநாள் விடிகாலை இரண்டு மணிக்கு அலாரம் அடித்து இட்லிக்கு அடுப்புப் பற்றவைத்தது தனிக்கதை. யாரும் சொல்லித் தரவில்லை, அவரே கண்டுபிடித்தார். வைஸ் சிட்டி கேமில் சீட் கோடு என்ற குறுக்குவழிச் சொல்லை அடித்து டாங்கி வரவழைத்த பையன்களை நான் ‘கில்லாடி’ என்று கொண்டாடியிருக்கிறேன். இவரை அப்படிச் சொல்ல எனக்கு ஏன் இத்தனை வருஷம் ஆயிற்று?

உயிருக்குக் காசு கேட்கிறார்கள் என்று மகன் மடக்கினால், காசு போட்டு ஆடும் ஆர்கேட் மிஷின்களைப் பற்றிக் கேளுங்கள். செத்ததும் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி அடுத்த காசைப் போடச் சொன்னது அந்த மிஷின்தான். கேமர் வம்சத்துக்கே அது குலதெய்வம்.

ஒரு பைசாவும் கட்டாமல் 2,300 வந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். கட்டம் கட்டமாகப் பரவுகிற சாக்லேட்டை எப்படி அடக்குவது என்று என் மனைவிக்குச் சந்தேகம் இருக்கிறது.

கே: போன் கேம்களில் நீங்கள் மதிப்பது ஏதாவது உண்டா?
— ஐ.டி. ஊழியர், கோவை

ப: மான்யுமென்ட் வேலி, 2014. மாடிப்படியைத் திருப்பினால் கூரை தரையாகும். ஒருமுறை காசு, இரண்டு மணி நேரத்தில் முடிந்தது, நடுவில் யாரும் வைரம் விற்க வரவில்லை. இப்படி ஒன்று வந்தால் மட்டும் நம் ஆட்கள் ‘போன் கேமுக்குக் காசா?’ என்பார்கள். 2016-இல் சூப்பர் மாரியோ ரன்னை முதல் சில லெவலுக்குப் பிறகு பத்து டாலர் என்று நின்டெண்டோ விற்றபோதும் இதே புலம்பல்தான். இலவசமாகக் கேட்டோம், உண்டியலோடு கொடுத்தார்கள்.

கே: ‘போன்ல ஆடுறது அசிங்கம்பா’ என்று சொல்லி, மகன் எண்பதாயிரத்துக்குக் கேமிங் பிசி கேட்கிறான். வாங்கலாமா?
— மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்

ப: அண்ணாச்சி, அசிங்கம் என்பது அவன் சொல் இல்லை, யூடியூபில் பொறுக்கியது. ஆனால் ஆசை பொய்யாக இருக்காது. பப்ஜி மொபைலை இங்கே 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள். அதற்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐயையும் 2022 ஜூலையில் ஆப் கடையிலிருந்து தூக்கினார்கள். திரும்பி வர அடுத்த வருஷம் மே ஆயிற்று. அந்தப் பையன்கள் தவித்த தவிப்பைப் பார்த்தேன். எங்கள் 1.6 அப்படியில்லை. கம்பெனி சர்வர், நெட் எதுவும் வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டரும் நடுவில் ஒரு ஒயரும் போதும், இன்றைக்கும் ஓடும். பிசிக்காரன் கர்வத்தில் அந்த ஒரு பங்கு நியாயம்.

எண்பது வேண்டாம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் பாதிக்கும் குறைவாக முடியும். பவர் சப்ளை தாங்குமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மானிட்டர் இல்லையென்றால் என் கடை மானிட்டர் ஒன்று பரணில் கிடக்கிறது. டப்பா மாடல், பதினேழு இன்ச், இலவசம். இறக்குவதற்கு இரண்டு ஆள் கூட்டி வாருங்கள்.